கைசரின் வாய்க்குள் கை விட்ட மைனிக்கு

மைனி,

மத்தியானம் பெய்த மழையில் எங்கிருந்தோ ஒரு நாய் ஓடிவந்து நம் வீட்டு வராந்தாவில் ஏறிக்கொண்டது. விரட்டலாம் என்று துடைப்பத்தோடு போனேன். அதற்குள் உடம்பை ஒரு உதறு உதறி, சுவர், செருப்பு, கொடியில் கிடந்த என் சேலை எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, தான் ஒன்றுமே செய்யாதது போல என்னைப் பார்த்தது. ஈர நாயின் அந்த வாடை மெல்ல வீட்டுக்குள் ஏறியது. துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கைசர் போன பிறகு இந்த வீட்டில் அந்த வாடை வந்ததே இல்லை. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்த நான் இன்று அதை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்தே சுருண்டிருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன் மஸ்கட்டுக்குப் போனபோது, கொல்லயிலில் சானல் என்று நாம் சொல்லும் வாய்க்காலின் கரையை ஒட்டிய இந்தத் தோப்பு வீட்டில் நாம் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினோம். நான் நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவேன். பகல் முழுவதும் நீங்கள் தனியாக இருப்பீர்கள். நாத்தனாரும் அண்ணன் மனைவியும் என்றால் சண்டை இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. நமக்குள் சண்டையும் இல்லை, பெரிய பேச்சும் இல்லை. சாப்பிட்டியா, கரண்டு பில்லு வந்துதா, அவ்வளவுதான்.

தேங்காய் திருட்டுப் போகத் தொடங்கியதும் ஒரு நாய் வாங்கச் சொல்லி அண்ணன் எழுதினார். "வீட்டில பட்டி வந்தா நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்" என்று நான் அறிவித்தேன். நீங்கள் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரமே கோட்டுகாலில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய், ஒரு மீன் கூடையில் கறுப்பும் தவிட்டு நிறமுமாக ஒரு குட்டியைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். அது கூடைக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் குரைத்தது. "ஹாஸ்டலுக்கு எப்பம் போறா?" என்று கேட்டீர்கள். நீங்கள் என்னிடம் செய்த முதல் பகடி அது என்று நினைக்கிறேன்.

கைசர் என்று பெயர் வைத்தது நீங்கள்தான். சானல் கரையில் ஏற்கெனவே இரண்டு கைசர்கள் இருந்தார்கள். யாராவது ஒருவர் சோறு வைத்துக் கூப்பிட்டால் மூன்று வீட்டு நாயும் ஓடிவரும். வேறு பெயர் வைக்கலாமே என்றதற்கு, "அவனுக்க முகத்தப் பாரு, வேற எந்தப் பேரு நிக்கும்?" என்றீர்கள். எனக்கு அந்த முகத்தில் உண்ணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அந்த உண்ணிகளுக்காக ஞாயிற்றுக்கிழமையையே நீங்கள் ஒதுக்கிவிட்டீர்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், சோப்பு, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரு தேங்காய்ச் சிரட்டை. கிணற்றடியில் கைசரை நிறுத்தி, முடியைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கிச் சிரட்டையில் போடுவீர்கள். பிறகு பேன் சீப்பால் சீவுவீர்கள். பாறசாலைச் சந்தையில் ஒரே மாதிரி இரண்டு சீப்பு வாங்கி, ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு என்று வைத்தது உங்கள் சிக்கனம். அவன் சீப்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தீர்கள். ஒரு நாள் அந்த நூல் அவிழ்ந்து விழுந்துவிட்டது. எது யாருடையது என்று தெரியாமல் நான் தலைவாராமலேயே அலுவலகம் போன கதையை நீங்கள் கோட்டுகால் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள்.

அவன் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிகிறது. சாளை மீனின் தலையை மஞ்சள் மட்டும் போட்டு, உப்பும் மிளகும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுக் கஞ்சியில் பிசைவீர்கள். எனக்கு வைக்கும் மீனில் முள் அப்படியே இருக்கும். கேட்டால், "உனக்கு கையி உண்டுல்லா" என்பீர்கள். கடற்கரைப் பக்கம் பிறந்ததால் மீன் விஷயத்தில் உங்களுக்கு எங்கள் ஊரின் மேல் நல்ல இளக்காரம். இங்கே வந்து சேருவதற்குள் மீன் இரண்டு தடவை செத்துவிடுகிறது என்பீர்கள்.

பிள்ளை இல்லாததால்தான் இப்படி நாயைக் கொஞ்சுகிறாள் என்று ஊர் பேசியது. உங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். அன்றைக்குக் கைசருக்குக் கஞ்சி பிசையும்போது மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொண்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, அலுவலகத்தில் மின்விசிறி ஓடாததைப் பற்றிப் பேசினேன். நீங்கள் கவனமாகக் கேட்டீர்கள்.

விடியும்போது சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சானல் கரையில் நடப்பீர்கள். அந்தக் காலத்தில் நம் ஊரில் நாயைக் கட்டிப்போடுவார்கள், அல்லது அவிழ்த்துவிடுவார்கள். கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் யாரும் கிடையாது. பால் கொண்டு போகிறவர்களும் ரப்பர் வெட்டப் போகிறவர்களும் வழியில் நின்று, "காலத்தே எங்க போறீய?" என்று கேட்பார்கள். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ஒருவர் ஒருவரைக் கடந்துபோக முடியாத ஊர் இது. "எனக்குத் தெரியாது, இவன்கிட்ட கேளுங்க" என்று கைசரைக் காட்டிவிட்டு நடப்பீர்கள். அந்த நடைக்குப் பிறகு வீட்டுக்கு வரும்போது உங்கள் முகம் கழுவி வைத்தது போல இருக்கும்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தீர்கள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் அவன் காது, கால் விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் உதட்டைத் தூக்கி வாய்க்குள் விரலை விடுவீர்கள். குட்டியாக இருந்தபோதே தொடங்கியது. எனக்குப் பார்க்கவே குமட்டும். எதற்கு என்று கேட்டேன். "ஒரு நாளு மருந்து குடுக்கணும்னா என்ன செய்வா? அண்ணைக்குப் போயி வாயத் தொறன்னு சொன்னா தொறப்பானா?" என்றீர்கள். கைசரும் அலுப்போடு வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போவான்.

கைசர் நன்றாக வளர்ந்துவிட்ட பிறகு வந்த ஒரு மழைக்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பெருங்கடவிளைப் பக்கமிருந்து பேய் பிடித்த, அதாவது வெறி பிடித்த, ஒரு நாய் வந்ததாகச் சொன்னார்கள். அடுத்த தோப்புத் தங்கராஜின் கறவை மாட்டை அது கடித்தது. சில வாரம் கழித்து மாடு எச்சில் ஒழுக நின்று, கத்திக் கத்திச் செத்தது. தங்கராஜ் கெட்டவன் இல்லை. அந்த மாட்டை வைத்துத்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதற்குப் பிறகு ஊரில் நாய் இருமினாலே ஆட்கள் கம்பை எடுத்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கைசரைக் குளிப்பாட்டக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை. முந்தின நாள் கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடி, எங்கேயோ சுற்றிவிட்டு ராத்திரி வெகு நேரம் கழித்து வந்திருந்தான். கிணற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் கயிறாக இறங்கி மண்ணைத் தொட்டது. நீங்கள் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தீர்கள். ஆவலாக வந்து வாயை வைத்தவன் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பின்னால் குதித்தான்.

நான் அலறினேன், மைனி. என் அலறல் கேட்டுத்தான் தங்கராஜ் வேலியைத் தாண்டி வந்தான். பின்னால் இன்னும் சில பேர். அவன் கையில் கடப்பாரை இருந்தது. கைசரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது.

"அக்கா, நீங்க உள்ள போயிருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"என்னத்த பாப்பா நீ?"

"எனக்க மாடு இப்படித்தான் நின்னுது. இதே வாயி, இதே எச்சி. வெள்ளத்தக் கண்டு இப்படித்தான் பின்னுக்குப் போச்சு."

"ஊசி போட்ட பட்டியாக்கும் இது. பாறசாலையில கொண்டுபோயி நான்தான் போட்டேன்."

"ஊசி போட்டாலும் சிலதுக்கு வரும்னு சொல்லுதாவ. சின்னப் பிள்ளைய நடக்குத வழி அக்கா இது. எனக்கு மட்டும் ஆசையா?"

அழுகிய இறைச்சியைப் போல ஒரு வாடை கைசரிடமிருந்து வந்தது; நோயின் வாடை என்று நான் நினைத்தேன். மிருக ஆஸ்பத்திரி அன்றைக்கு அடைப்பு. நான் உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். நீங்கள் கையை உருவிக்கொண்டு கடப்பாரைக்கும் கைசருக்கும் நடுவில் போய் நின்றீர்கள். பயமில்லாமல் நின்றீர்கள் என்று ஊர் பிற்பாடு கதை கட்டியது. நீங்கள் கிணற்றுச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

"கொல்லாண்டாம்னு நான் சொல்லல்ல, மக்கா" என்றீர்கள். "பாத்த பொறவு கொல்லு."

நீங்கள் கைசரின் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினீர்கள். இன்னொரு தடவை உறிஞ்சினீர்கள். "இது என்ன நாத்தம்? உங்க யாருக்கும் தெரியல்லியா?" என்றீர்கள். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் ரப்பர் வெட்டுகிறவர்கள். ரப்பர் மரத்தின் பால் வடிந்து சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலின் நாற்றம் அவர்கள் உடம்பிலேயே ஊறிப்போனது. தினமும் அதிலேயே கிடப்பதால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கடலோரத்திலிருந்து வந்த உங்களுக்கு மட்டும் அந்த நாற்றம் கடைசி வரைக்கும் பழகவில்லை.

கைசரைத் தென்னையோடு சேர்த்துச் சங்கிலியைக் குறுக்கிக் கட்டினீர்கள். இடது கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டீர்கள். அடுப்படியிலிருந்து கஞ்சி கிண்டும் துடுப்பை எடுத்துவரச் சொன்னீர்கள். பிறகு என் கைக்கண்ணாடியைக் கேட்டீர்கள். "வெயில அவனுக்க வாய்க்குள்ள அடி" என்றீர்கள். நான் எட்ட நின்று, கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தைத் தென்னை மரத்திலும் தங்கராஜின் கண்ணிலும் அடித்துவிட்டு, கடைசியில் வாய்க்குக் கொண்டுவந்தேன். "கைய ஆட்டாத, எட்டி!" என்று அதட்டினீர்கள்.

"எலே கைசரே, தொற. தெனமும் தொறக்கது தானே."

அவன் திறந்தான். திறக்க முடிந்த அளவுக்குத் திறந்தான். துடுப்பின் காம்பைக் கடைவாயில் குறுக்கே கொடுத்துவிட்டு, சாக்கு சுற்றாத வலது கையை உள்ளே விட்டீர்கள். சாக்கோடு விட்டால் ஒன்றும் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அந்த நேரம் முழுவதும் ஒரே நினைப்புதான். அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மேல் பல் வரிசையின் கடைசியில் ஒட்டுப்பால் ஒரு உருண்டையாக அப்பியிருந்தது. அதிலிருந்து ஒரு கயிறு நாக்குக்கு அடியில் போய்ச் சுற்றி, சதையை அறுத்துக்கொண்டிருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. தேங்காயெண்ணெய் கேட்டீர்கள். விரலால் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு உருண்டையைப் பல்லிலிருந்து நெகிழ்த்தினீர்கள். கைசர் முனகினான். உடம்பெல்லாம் நடுங்க நின்றான். கடைசியில் ஒரு இழுப்பில் எல்லாம் சேர்ந்து கையோடு வந்தது. அதை நீங்கள் தங்கராஜின் காலடியில் போட்டீர்கள்.

அவிழ்த்துவிட்டதும் கைசர் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போனான். மூக்கு வரைக்கும் முக்கிச் சளப் சளப்பென்று குடித்தான். பாத்திரம் காலியானதும் நான் இன்னொரு வாளி கோரி ஊற்றினேன். அதையும் குடித்தான்.

தங்கராஜ் குனிந்து அந்த உருண்டையைப் பார்த்தான். "எனக்க ஒட்டுப்பாலாக்கும் இது. நேத்து சாக்குல கட்டி வச்சது பிரிஞ்சு கெடந்துது" என்றான். சொல்லிவிட்டு அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்தான். கடப்பாரை கீழே விழுந்தது. பிறகு அவன் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினான். "நான் எனக்க மாட்டுக்க வாயப் பாக்கல்லியே அக்கா. ஒரு தடவ பாத்திருந்தா..."

நீங்கள் கையைக்கூடக் கழுவாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "உனக்க மாட்டுக்கு வந்தது பேயி தான், மக்கா. நான் வேலிக்கிட்ட நின்னு கண்டேன். நீ பாத்திருந்தாலும் ஒண்ணும் செய்திருக்க ஏலாது. கை விட்டிருந்தா நீயும் போயிருப்பா" என்றீர்கள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். மாடு செத்த அந்த வாரம் முழுவதும் நீங்கள் கோட்டுகாலில் உங்கள் அக்கா வீட்டில் இருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

மறுநாள் நான் லீவு போட்டு உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எச்சில் பட்ட கையில் கீறல் இருந்தது. டாக்டர் மலையாளத்தில், "சேச்சிக்கு பிராந்துண்டோ?" என்று கத்தினார். உங்களுக்கென்ன பைத்தியமா என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. "பட்டிக்கு இல்லன்னு தெரிஞ்சாச்சு டாக்டரே. எனக்கு உண்டான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. வயிற்றில் ஊசி எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு ஊசிக்கும் நான்தான் துணைக்கு வந்தேன். திரும்பும் வழியில் ஒரு கடையில் சாயாவும் பழம்பொரியும் சாப்பிடுவோம். அந்தப் பஸ் பயணங்களில்தான் நாம் பேசப் பழகினோம். பெண் பார்க்க வந்து போனவர்களைப் பற்றி நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது உங்களிடம்தான். பிள்ளை இல்லாததைப் பற்றி நீங்கள் சொன்னதும் அப்போதுதான். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவர் திரும்பிப் பார்த்ததை நினைத்துச் சிரித்தோம்.

கைசர் மேலும் பல வருடம் இருந்து, வயதாகி, ஒரு மத்தியானம் உங்கள் காலடியில் தூங்கியபடியே போனான். அண்ணன் திரும்பி வந்து, சில வருடம் நம்மோடு இருந்து, அவரும் போனார். நீங்களும் நானும் இந்த வீட்டில் கிழவிகளாகிவிட்டோம்.

போன வருடம் பக்கவாதம் உங்களைச் சாய்த்தது. பேச்சு போய்விட்டது. வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் வழிந்தது. முதலில் கஞ்சி இறங்கியது. பிறகு கரண்டி உதட்டில் பட்டாலே முகத்தைத் திருப்பினீர்கள். உங்கள் அக்கா மகள் கோட்டுகாலிலிருந்து வந்து பார்த்துக்கொண்டாள். நல்ல பிள்ளை. உங்கள் காலைப் பிடித்துவிட்டபடி அழுதாள். "சித்திக்கு இனி ஒண்ணும் வேண்டாமாக்கும். நம்ம போட்டுப் பாடுபடுத்தாண்டாம். அமைதியா போகட்டும்" என்றாள். வந்து பார்த்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

ஆனால் நீங்கள் கரண்டியைப் பார்த்த பார்வையில் பசி இருந்தது, மைனி. கிணற்றடியில் கைசர் தண்ணீரைப் பார்த்த அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உங்களை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து, தாடையைப் பிடித்துத் திறந்து, உள்ளே விரலை விட்டேன். செயலற்றுப் போன பக்கத்தில் முந்தின நாள் சோறு அப்படியே அதக்கிக் கிடந்தது. அதற்கு உள்ளே ஒரு பல் உடைந்து கூராக நின்று கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. அதைத் தொட்டேன். நீங்கள் கடித்தீர்கள். சும்மா கடிக்கவில்லை, நான் ஐயோ என்று கத்தும்படி கடித்தீர்கள். கைசருக்கு இருந்த மரியாதைகூட உங்களுக்கு இல்லை.

பல் டாக்டர் வீட்டுக்கே வந்து அந்தப் பல்லை எடுத்தார். புண் ஆறியதும் நீங்கள் கஞ்சி குடித்தீர்கள். முள்ளெடுத்த சாளை மீனைப் பிசைந்து வைத்தால் வாயைத் திறந்து வாங்கினீர்கள். ஓணத்துக்குப் பாயசம் கொடுத்தேன், இன்னும் வேண்டும் என்று நல்ல கையால் என் முந்தானையை இழுத்தீர்கள். மார்கழி முழுவதும் வெயிலில் உட்கார்ந்து சானல் கரையில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தையில் போனீர்கள். வயிறு நிறைந்துதான் போனீர்கள். அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

என் வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, உங்கள் பல் பதிந்த இடம் ஒரு சின்ன வெள்ளைக் கோடாக இருக்கிறது. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார், தடம் தெரியாமல் மறைந்துவிடும் என்றார். நான் அதை வாங்கவே இல்லை, மைனி.